துக்கமணி அடிக்கப்படவில்லை

டென்மார்க்கில், பிராண்டேயில் இருக்கிற மேரிசெலின், செத்துப்போன தன் தம்பியைக் கொம்பியூட்டரில் தட்டி எழுப்பினவள் என்று ஒரு கதை உண்டு. கோல்டிங்கில் கேட்டால் ஒரு விரலால் தட்டினாள் என்பார்கள். வைலேயில் கேட்டால், ஒரு விரல் என்ன ஒரு விரல், செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பத்து விரலாலும் தட்டினாள், தட்டத் தட்ட வீட்டில் கரண்ட் போய்ப் போய் வந்தது என்பார்கள். கலியாண வீட்டில் சாப்பாடு வரும்வரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்கள், ஒவ்வொரு கலியாணத்துக்கும் இந்தக் கதைக்குக் கொஞ்சம் உப்பும் புளியும் கூட்டியிருக்கிறார்கள். கடைசியாக வந்த பதிப்பில், எழும்பின தம்பி கொம்பியூட்டருக்குள் இருந்தபடி "அக்கா, தண்ணி" என்று கேட்டானாம்.

தண்ணீர் கேட்கவில்லை. அவன் கேட்டது வேறு. நடந்தது இந்தக் கலியாணவீட்டுக் கதையைவிட மோசமானது. அதனால் அதை நடந்தபடியே சொல்லிவிடுவது நல்லது.

மேரிசெலினுக்கு ஊர் சிப்பித்துறை. மன்னார்க் கரையில், தேவாலயமும் மீன்வாடிகளும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்குக்கு வந்தாள். வந்த இடத்தில் தேவராஜாவைக் கட்டினாள். தேவராஜா கட்டும்போது கத்தோலிக்கன். பிறகு பெந்தெகொஸ்துக்காரர்களோடு சேர்ந்து, கை தட்டிப் பாடுகிற பக்கம் போய்விட்டான். ஒரே வீட்டில் மாதா படம் ஒரு சுவரிலும், வசனம் எழுதின கலண்டர் எதிர்ச் சுவரிலும் தொங்கின. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இருந்ததே தவிர, சண்டை வந்ததில்லை. தேவராஜாவுக்குக் கரண்ட் எடுக்கிற காற்றாடிகளுக்குச் சிறகு செய்கிற தொழிற்சாலையில் வேலை. மேரிசெலினுக்கு முதியோர் இல்லத்தில்.

அந்த வேலையில் அவள் பழகின ஒரு வழக்கம் உண்டு. அங்கே ஒரு கிழவரோ கிழவியோ கண்ணை மூடினால், முதலில் செய்வது ஜன்னலைத் திறந்துவிடுவது. உயிர் வெளியே போக வேண்டுமாம். மாரியில் பனி கொட்டினாலும் திறப்பார்கள். திறந்துவிட்டு, டொக்டர் வரும்வரை ஒருவரும் "செத்துப்போனார்" என்று எழுத மாட்டார்கள். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கீழே, எழுதினவர் தன் பெயரை வைக்க வேண்டும். பெயர் இல்லாத வரியை நடக்காத காரியமாகவே எடுப்பார்கள். தன் சொந்தக்காரர் அங்கே படுத்திருந்தால், அவருடைய கோப்பைத் தொடவே கூடாது. இதெல்லாம் மேரிசெலினுக்கு, பல் துலக்குவது போல, யோசிக்காமல் வருகிற காரியம்.

சிப்பித்துறைக் கோவிலின் மரணப் பதிவுப் புத்தகம் ஒரு இடப்பெயர்வில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு ஊர்ச் சனம் டென்மார்க், கனடா, பிரான்ஸ் என்று சிதறின இடங்களிலிருந்து ஒரு இணையத்தளத்தைத் தொடங்கி, அதில் "காலமானோர் பதிவு" என்று ஒரு பக்கத்தை வைத்தார்கள். எரிந்த புத்தகத்துக்குப் பதிலாக அதுவே ஊரின் புத்தகம் ஆனது. அதில் பெயர் ஏறினால் செத்தது செத்ததுதான். சுவாமியாரும் அதைப் பார்த்துத்தான் பூசையில் பெயர் வாசிப்பார்.

அந்தப் பக்கத்தில் கை வைக்க மூன்று பேருக்குத்தான் சாவி, அதாவது கடவுச்சொல், இருந்தது. ஒருவர் டென்மார்க்கில் இருக்கிற ஊர்ச் சனத்தின் ஒன்றியத் தலைவர் கிறிஸ்துநாயகம், வைலேயில் பஸ் ஓட்டுகிறவர். அவருக்குத் தட்டத் தெரியாது, சாவி மரியாதைக்கு. மற்றது மேரிசெலின், வேலை முழுவதும் அவளுடையது. மூன்றாவது, ஊரிலேயே இருந்த குருசுமுத்து மூப்பர்.

மூப்பர் என்றால் கோவில் மணி அடிக்கிறவர், விளக்கேற்றுகிறவர், யார் எப்போது செத்தார் என்று வாய்ப்பாடமாகச் சொல்கிறவர். கொம்பியூட்டரைக் கண்ணாலும் காணாதவர். அவர் சொல்ல, மன்னார் ரவுணில் ஏதோ கடையில் யாரோ தட்டி அனுப்புவார்கள். யார் என்று இங்கே ஒருவரும் கேட்டதில்லை. அவருடைய பதிவு ஒவ்வொன்றும் ஒரே மாதிரி முடியும்: "துக்கமணி அடிக்கப்பட்டது."

இரண்டாயிரத்து ஏழில் மூப்பர் இடம்பெயர்ந்த இடத்தில் காலமானார். மேரிசெலின்தான் அவரைப் பதிவில் ஏற்றினாள். அப்போது கோல்டிங் குலேந்திரன், சட்டம் கதைக்காவிட்டால் சாப்பாடு செமிக்காத மனுசன், ஒரு ஞாயமான கேள்வி கேட்டான்.

"தலைவர், மனுசன் செத்துப்போச்சு. அவற்ற எக்கவுண்டைப் பூட்டவேண்டாமோ?"

"மூப்பற்ற பேரை வெட்டச் சொல்லுறியோ குலம்? எனக்குத் திருமுழுக்குக் குடுக்கேக்கை மணி அடிச்ச மனுசன். என்ர கையால நடவாது."

வேறு ஒருவருடைய கையும் எழும்பவில்லை. செத்த பெரியவரின் பெயரை வெட்டுவதா? எங்கள் சனம் செத்தவர்களின் டெலிபோன் நம்பரைக்கூட அழிக்காது. அப்படியே விட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரல். அந்த மாதம் வன்னியில் என்ன நடந்தது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. பிராண்டேயில் கடுகுப்பூ மஞ்சளாய்ப் பூத்திருந்தது. வெயில் பின்னேரம் ஆனாலும் போக மாட்டேன் என்று நின்றது. மேரிசெலின் காலை வேலை முடித்து வந்து, உடுப்பும் மாற்றாமல் கொம்பியூட்டரைத் திறந்தாள். பக்கத்தின் மூலையில், இப்போது உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் பச்சைப் புள்ளியோடு தெரியும். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

குருசுமுத்து மூப்பர்.

வெளியே யாரோ புல் வெட்டுகிற மிஷின் சத்தம். பட்டப்பகல். அவள் எழும்பிப் போய்க் குசினி ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வந்து பார்த்தபோது பச்சை அணைந்திருந்தது. பதிவில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. ஊரில் வலை பின்னுகிற ஒரு மனுசன். பெயர், தகப்பன் பெயர், இடம், திகதி. கடைசி வரி:

"துக்கமணி அடிக்கப்படவில்லை."

அடுத்த நாள் இன்னும் பெயர்கள். அதற்கடுத்த நாளும். எல்லாம் மூப்பர் பெயரில், எல்லாம் அதே கடைசி வரியோடு. சனம் முதலில் யாரோ பகிடி விடுகிறான் என்று தூஷணத்தால் திட்டிப் பார்த்தது. ஆனால் ஒரு கிழமை, இரண்டு கிழமை பிந்தி டெலிபோன் வரும். வந்தால் மூப்பர் சொன்னது சரியாக இருக்கும். இடம் சரி, நாள் சரி. ஒன்றும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருவரும் திட்டவில்லை. கோல்டிங்கில் ஒரு மனுசி சொன்னதுதான் எல்லாருடைய வாயிலும் நின்றது.

"மேல வாற சனத்தை மூப்பர் வாசல்ல நிண்டு பதியிறார் போல கிடக்கு."

சிரிக்கத்தான் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திறக்கும்போது சிலுவை போட்டுக்கொண்டு திறக்கிற ஆட்கள் இருந்தார்கள்.

மே மாதம் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பின்னேரம், வரிசையாக நாலு பெயர் ஏறியது. முதலாவது விமலராணி. மூப்பரின் சொந்த மகள். மேரிசெலினின் தம்பி ஸ்ரிபனைக் கட்டினவள். அடுத்த இரண்டும் அவர்களுடைய பிள்ளைகள். நாலாவது ஸ்ரிபன்.

மேரிசெலின் அழவில்லை. நாலாவது பெயரை அழித்தாள். பதிவை அழித்தால் "திருத்தக் காரணம்" என்று ஒரு சின்னப் பெட்டி வரும்; சாவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும், அடுத்த காரணம் எழுதினால் முந்தினது போய்விடும். அதில் எழுதினாள்: "உறுதிப்படுத்தப்படவில்லை."

மற்ற மூன்று பெயரையும் ஏன் அழிக்கவில்லை என்று பிறகு கேட்டவர்கள் இருக்கிறார்கள். மூன்றை நம்பினாள், நாலாவதை நம்பவில்லை. அவ்வளவுதான்.

அடுத்த நாள் வேலையால் வந்து பார்த்தாள். ஸ்ரிபன் திரும்பவும் பதிவில் இருந்தான். காரணப் பெட்டியில் ஒரு சொல்: "உறுதி."

அழித்தாள். "ஆர் உறுதிப்படுத்தினது?"

மறுநாள் பெயர் திரும்பி வந்தது. "பக்கத்தில நிண்டவர்."

"பக்கத்தில நிண்டவற்ற பேர் என்ன?"

அதற்கு மறுமொழி இல்லை. பெயர் மட்டும் திரும்பி வந்தது. அவள் அழிப்பதும் அது வருவதுமாக நாட்கள் போயின. பெயர் வரும் நேரம் மட்டும் மாறவில்லை. அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற நேரம்.

தேவராஜா ஒரு நாள் பின்னால் வந்து நின்று பார்த்தான்.

"மேரி, உது நல்லதுக்கில்லை. நான் கை வைச்சு ஜெபிக்கட்டோ?"

"ஆருக்கு?"

"கொம்பியூட்டருக்கு."

சொன்னபடியே திரைக்கு மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். மகள் ஷாரன் மாடியால் இறங்கி வந்து, தகப்பன் கொம்பியூட்டரை ஆசீர்வதிப்பதைப் பார்த்து, டெனிஷில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி ஏறிப்போனாள். மேரிசெலினுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதம் முழுக்க வந்த சிரிப்பு அது ஒன்றுதான். அந்தச் சிரிப்போடுதான் ஒரு குறும்பு யோசனையும் வந்தது.

சின்ன வயதில் சிப்பித்துறையில் மாதா தேர் சுற்றின பின்னேரம், பூசைக்கு வைத்திருந்த வைன், முந்திரிகை இரசம், காணாமல் போனது. ஸ்ரிபன்தான் குடித்தான் என்று ஊரே முடிவு கட்டியது. மூப்பர் அவனைக் கோவில் வாசலில் வைத்துப் பூவரசந்தடியால் வெளுத்தார். பெரிய ஆளான பிறகும் ஊரில் அவனுக்குப் பட்டப்பெயர் "இரசம்" என்றே இருந்தது.

மேரிசெலின் அவனுடைய பெயரை அழித்துவிட்டுக் காரணம் எழுதினாள்: "இவன் பூசை இரசத்தைக் களவாய்க் குடிச்சவன். மூப்பற்ற பதிவில இவனுக்கு இடமில்லை."

அடுத்த நாள் பின்னேரம் வெயில் திரையில் பட்டு ஒன்றும் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு வாசித்தாள்.

"குடிச்சது நீ. அடி வாங்கினது நான்."

அது உண்மை. குடித்தது அவள்தான். அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி பிராண்டேயில் வேலைச் சட்டையோடு கதிரையில் இருந்தாள்.

தேவராஜாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தம்பி உயிரோடை இருக்கிறான் இஞ்சேருங்கோ. இது அவன்தான்."

தேவராஜாவின் முகம் வெளுத்தது. "ஆர் குடிச்சதெண்டு பேய்க்கும் தெரியும் மேரி."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது: இதை யாரிடம் சொன்னாலும் இதைத்தான் சொல்வார்கள். வைலேயில் ஒருவருக்குச் சொன்னால், தேத்தண்ணி குடித்து முடிய முதல் அது ரொறன்ரோவுக்குப் போய்விடும். ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள், மந்திரிப்பார்கள், வெருட்டுவார்கள். இன்னொரு ஆள் மூச்சு விட்டாலும் அவன் கதவைச் சாத்திவிடுவான். சின்னனிலிருந்தே அவன் அப்படித்தான்.

"எங்க நிக்கிறாய்?" என்று எழுதினாள்.

"மூப்பரோடை."

"விமலராணி?"

"பதிவைப் பார்."

"அப்ப நீ ஏன் அதுக்குள்ள?"

இதற்கு மறுமொழி வர இரண்டு நாள் ஆனது. இணையத்தளத்தின் முன்பக்கத்தில் ஒன்றியம் ஒரு அறிவித்தல் போட்டிருந்தது. வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைலேக் கோவிலில் ஊரின் இறந்தவர்களுக்குப் பூசை. பதிவில் உள்ள பெயர்கள் வாசிக்கப்படும். அடிக்கப்படாத துக்கமணி அங்கே அடிக்கப்படும். அதை அவன் பார்த்திருக்கிறான்.

"ஞாயிறு என்ர பேரையும் வாசிச்சு மணி அடியுங்கோ. அதுக்குப் பிறகு நான் இஞ்சை நிக்கத் தேவையில்லை. அழிக்காதை அக்கா."

இதுதான் அவன் கேட்டது. தண்ணீர் அல்ல.

முதியோர் இல்லத்தில் மேரிசெலின் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று மரியாதையாக விசாரிக்கிற கிழவர்களின் குரல். சத்தம் போடுகிறவர்களுக்கு அவள் பயப்படுவதில்லை. நாள் குறித்தவர்களுக்குத்தான் பயம்.

பூசைக்கு முந்தின கிழமைச் சனிக்கிழமை, வைலேயில் ஒன்றியம் கூடியது. விஷயம் ஒன்றுதான்: பதிவை யார் திருத்தலாம்? ஸ்ரிபனின் பெயர் நாளுக்கு நாள் வருவதையும் போவதையும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. குலேந்திரன் எழும்பினான்.

"நான் ஆரையும் குற்றம் சொல்லேல்லை. ஆனா தன்ர தம்பி எண்டவுடனை அழிக்கிறதெண்டால், எல்லாருக்கும் தம்பி இருக்கு. பிறகு எங்கட ஊரில ஒருத்தரும் சாகேல்லை எண்டுதான் முடியும்."

"குலம், மெல்லமாக் கதை. செத்த வீட்டுக்காரி இருக்கிறா," என்றார் கிறிஸ்துநாயகம்.

"செத்த வீடெண்டுதானே தலைவர் நானும் சொல்லுறன். அவதானே இல்லையெண்டுறா!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அதை விடுங்கோ. முதல் மூப்பற்ற எக்கவுண்டைப் பூட்டுங்கோ. அந்தப் பச்சை லைற்றைக் காண எனக்குக் காய்ச்சல் காயுது."

"பூட்டக்கூடாது," என்றாள் மேரிசெலின். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டாள். எல்லோரும் திரும்பினார்கள்.

அவள் எழும்பி நின்றாள். "குலம் அண்ணை சொல்லுறது சரி. சொந்தக்காரற்ற பதிவில நான் கை வைச்சிருக்கக்கூடாது. என்ர வேலையில அப்பிடிச் செய்தால் வீட்டை அனுப்பிப்போடுவாங்கள். என்ர சாவியை இண்டைக்கே அவரிட்டைக் குடுக்கிறன். இனி அவர் பார்க்கட்டும்."

குலேந்திரன் சண்டைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தவன். சண்டை கிடைக்காமல் சாவி கிடைத்ததும் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டான்.

"ஆனா ஒரு விதி போடுங்கோ," என்றாள். "ஒவ்வொரு பதிவுக்குக் கீழையும் ஒரு பேர் இருக்கோணும். நேரில கண்ட ஆள். உயிரோடை இருக்கிற ஆள். தன்ர சொந்தப் பேர். மூப்பற்ற பேர் மேல இருக்கட்டும், அதை ஒருத்தரும் வெட்டவேண்டாம். ஆனா கீழை உயிரோடை ஒருத்தர் கையெழுத்து வைக்கோணும். வைக்காத பேர் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறேல்லை. மணியும் இல்லை."

மூப்பர் பெயரில் வந்த பதிவுகளில் அனேகத்துக்கு டெலிபோனில் சாட்சி வந்துவிட்டது. அந்தச் சாட்சிகளின் பெயரைப் போடலாம். சாட்சி வராதவர்கள் கொஞ்சப் பேர். யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கிறிஸ்துநாயகம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, உன்ர மச்சாளும் பிள்ளையளும் அதுக்குள்ள எல்லோ."

"ஓம் அண்ணை. தெரியும்."

"நீ கையெழுத்து வையன்."

"நான் காணேல்லையே அண்ணை."

கிறிஸ்துநாயகம் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். செத்த பிள்ளைகளுக்கு மணி அடிக்க விடாத மாமி! அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவளைப் பற்றி நல்லதாக நினைத்த ஒரு ஆள் இல்லை.

"இன்னொண்டு. தன்ர சாவைத் தானே ஒருத்தரும் பதியக்கூடாது எண்டும் போடுங்கோ."

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். "உதுக்கு விதி வேணுமோ பிள்ளை? செத்தவன் எழும்பி வந்தோ தட்டப்போறான்?" என்று ஒருவர் கேட்க, கேட்டவருக்கே மூப்பரின் பச்சை லைற் ஞாபகம் வந்து வாய் கோணியது. விதியை ஏற்றுக்கொண்டார்கள். குசினிப் பக்கமிருந்து கொத்து ரொட்டி மணம் வந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம்.

அன்று பின்னேரமே குலேந்திரன் விதியை முன்பக்கத்தில் ஏற்றினான். கையெழுத்து இல்லாத பெயர்களைச் சாம்பல் நிறமாக்கி, அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவை நீக்கப்படும் என்று எழுதினான். சாம்பலில் நாலு பெயர் மிஞ்சின. விமலராணி. இரண்டு பிள்ளைகள். ஸ்ரிபன்.

அன்றிலிருந்து பச்சைப் புள்ளியைக் காணவில்லை.

திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. மேரிசெலினிடம் இப்போது சாவி இல்லை. காரணப் பெட்டியும் திறக்காது. அவளால் ஒரு சொல்லும் எழுத முடியாது. சாம்பல் பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னவனுடைய பெயர் நீளமானது. திருமுழுக்குப் பெயர், வீட்டுப் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சேர்த்து எழுதியிருந்தது. வெளுத்த நிறத்தில் அது கரைந்துகொண்டு போவது போலக் கண்ணுக்குப் பட்டது. இல்லத்தில் ஒரு கிழவி, கையைப் பிடித்துப் பார்த்து, உனக்கு ஏன் இந்த வெயிலில் கை குளிருகிறது என்று கேட்டாள்.

தேவராஜா அந்தக் கிழமை ஜெபிக்கவில்லை. சமைத்தான். சோற்றை அவள் முன்னால் வைத்துவிட்டு, "நீ பிழை விட்டிட்டியோ மேரி?" என்று ஒரே ஒரு தரம் கேட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் குலேந்திரன் டெலிபோன் எடுத்தான். குரலில் சட்டம் குறைந்திருந்தது.

"பிள்ளை, நேரம் வந்திட்டுது. நான் அழிக்கத்தான் வேணும். எனக்கும் மனசில்லை. உமக்குச் சொல்லிப்போட்டுச் செய்வம் எண்டு..."

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ."

"எவ்வளவு எண்டு பொறுக்கிறது? விதி நீர் போட்டது."

"பொறுங்கோ அண்ணை."

இரண்டு பேரும் டெலிபோனைக் காதில் வைத்தபடி, ஆளாளுக்குத் தங்கள் வீட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். குலேந்திரன் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு அந்த மூச்சு நின்றது.

பச்சைப் புள்ளி.

"பிள்ளை," என்றான் குலேந்திரன், கோவிலுக்குள் கதைப்பது போல. "மூப்பர் வந்திருக்கிறார்."

விமலராணியின் பெயருக்குக் கீழே எழுத்து ஏறியது. "நேரில் கண்டவர், அடக்கம் செய்தவர்: ஸ்ரிபன், கணவன்." சாம்பல் போய்ப் பெயர் கறுப்பாகியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பெரியவளின் பெயருக்குக் கீழே: "ஸ்ரிபன், தகப்பன்." அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. கடைசியில் சின்னவனுக்கும் வந்தது.

நாலாவது பெயர் சாம்பலாகவே இருந்தது.

"செத்தவன் கையெழுத்து வைக்கிறான் பிள்ளை! நான் என்ன செய்ய?"

"விதி என்ன சொல்லுது அண்ணை?"

"எழுதிறவர்... உயிரோடை இருக்கோணும் எண்டு."

"அப்ப?"

குலேந்திரன் சட்டம் படித்த ஆள் இல்லை, ஆனால் சட்டத்தை விட்டு ஓடுகிற ஆளும் இல்லை. நாலாவது பெயரை அழித்தான். காரணப் பெட்டியில், "பதிந்தவரே உயிரோடு உள்ளமையால்" என்று எழுதினான். எழுதிவிட்டு டெலிபோனிலேயே சின்னப் பிள்ளை போல விசும்பினான்.

பெட்டியில் மறுமொழி வந்தது. குலேந்திரன் அதை வாசித்துச் சொல்ல முதலில் மறுத்தான்.

"சொல்லுங்கோ அண்ணை."

"அக்காவிட்டைக் கேள், அவள் மனிசியோ எண்டு. அப்பிடி எழுதியிருக்கிறான்."

மேரிசெலின் டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "சாப்பிட்டியோ எண்டு கேளுங்கோ," என்றாள்.

ஞாயிறு வைலேக் கோவிலில் பெயர்களை வாசித்தார்கள். அங்கே மூப்பர் வேலை பார்க்கிற டெனிஷ்காரச் சங்கிலித்தாம் ஒருவர் கயிற்றைப் பிடித்து, சொல்லிக் கொடுத்தபடி, பெரியவர்களுக்கு ஒரு விதமாகவும் பிள்ளைகளுக்கு ஒரு விதமாகவும் அடித்தார். மேரிசெலின் முதல் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. பிறகு பெந்தெகொஸ்துக்காரன் தேவராஜா, கத்தோலிக்கக் கோவிலுக்குள் வருவதில்லை என்று இருந்த மனுசன், வந்து இருந்தான்.

ஸ்ரிபன் இவ்வளவு நாளும் கால் காயத்தோடு மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நோயாளிகளைப் பார்க்க வருகிற ஒரு கன்னியாஸ்திரி, பின்னேரங்களில் தன் மடிக்கணினியை அவனுக்குக் கொடுத்திருக்கிறார். மாமனார் மூப்பர் இருந்த காலத்தில் ரவுணுக்குப் போய் அவருக்காகத் தட்டினவனும் அவன்தான். அதனால் சாவி அவனிடம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள் சொல்லச் சொல்ல, செத்தவர்களை எழுதினான். எழுதி எழுதித் தன் வீட்டுக்கு வந்தபோது, தன்னை மட்டும் விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. இப்போது மன்னாரில் படகு எஞ்சின் திருத்துகிறான். அக்காவோடு வருசத்தில் இரண்டு மூன்று தரம் கதைப்பான், அதுவும் எஞ்சின் சாமான் பற்றி.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் சனம் முடிக்க விடவில்லை. குலேந்திரன் தான் கண்டதைப் பத்துப் பேருக்குச் சொல்ல, பத்துப் பேரும் குலேந்திரனை வெட்டிவிட்டு மேரிசெலினைப் போட்டார்கள். தட்டினாள், எழுப்பினாள் என்று வந்தது அப்படித்தான்.

இந்தக் கோடையில் கோல்டிங்கில் ஒரு கலியாணம். தேத்தண்ணி வரிசையில் நின்ற மேரிசெலினை ஒரு வயதான தாய் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். கைப்பையைத் திறந்து, பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்திருந்த ஒரு பெடியனின் படத்தை எடுத்தாள். சண்டையின் கடைசி மாதத்தில் காணாமல் போனவன்.

"பிள்ளை, உன்ர தம்பியை எடுத்துவிட்ட மாதிரி இவனையும் ஒருக்கா எடுத்துவிடு. பேரெல்லாம் பின்னால எழுதியிருக்கு."

சுற்றி நின்றவர்கள் காதை நீட்டினார்கள். மேரிசெலின் படத்தை வாங்கிப் பார்த்தாள், திருப்பி அந்தத் தாயின் கையில் வைத்தாள், தன் கையால் அதை மூடினாள். பிறகு காதை நீட்டின எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"அம்மா, நான் செத்த ஒருத்தரையும் எழுப்பேல்லை. அவன் சாகேல்லை, தான் செத்ததெண்டு பொய் எழுதினவன். அந்தப் பொய்யை அழிச்சதும் குலம் அண்ணை, நான் இல்லை. நான் செய்தது, செத்த பெண்சாதி பிள்ளையளுக்கு மணி அடிக்க விடமாட்டன் எண்டு அவனை வெருட்டினது மட்டும்தான்."